சதுரம் சதுரமாக நிற்க வேண்டும்! (பழைய வீடியோ கேம் டி-ஷர்ட்டுக்கு பிளெயின் பனியன் வாங்குவது எப்படி?)



போன வருஷக் கண்காட்சியில் எங்கள் குழு போட்ட 'பழைய வீடியோ கேம்' ஸ்டால் ஞாபகம் இருக்கிறதா? ஸ்டால் மறந்திருந்தாலும், நாங்கள் போட்டிருந்த கறுப்பு டி-ஷர்ட்டுகளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டே வாரத்தில் அவை ஆன கோலத்தைப் பார்த்து ஸ்கூலே சிரித்தது. 22 பேரிடம் தலைக்கு 150 ரூபாய், மொத்தம் 3,300 ரூபாய் வசூல் செய்தவன் அடியேன்தான். பனியன் 90, பிரிண்ட் 60.

ஒரே ஒரு தண்ணி. 27 அங்குலம் இருந்த நீளம் 25 ஆனது. இடுப்பு ஓரம் வர வேண்டிய தையல் சுற்றிக்கொண்டு வயிற்றுக்கு வந்தது. நெஞ்சில் நேராக நின்ற ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பூச்சி, பஸ்ஸில் தூங்கி விழுகிறவர் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒன்பதாம் வகுப்புத் தம்பி ஒருவன் பஸ்ஸுக்குக் கொடுத்த காசை மிச்சம் பிடித்து, நடந்தே வந்து பணம் கட்டியிருந்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "பரவால்லண்ணா, தூங்கறப்ப போட்டுக்கறேன்" என்றான். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இந்த வருஷமும் டி-ஷர்ட் போடப் போகிறோம். திரும்பவும் உங்களிடம் கை நீட்டுவதற்கு முன்னால், எந்தத் துணிக்கு எதற்காகப் பணம் தருகிறீர்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

வெட்கக்கேடு என்னவென்றால், நாம் இருப்பது திருப்பூர். ஊரே பனியன் தைக்கிறது. எங்கம்மாவே பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேரே காதர்பேட்டைக்குப் போய், ஒரு கடையில் "பிளெயின் ரவுண்ட் நெக் 22 கொடுங்க" என்று வாங்கி வந்துவிட்டேன். அம்மா அந்தச் சட்டையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அந்தப் பக்கம் ஜன்னல் கம்பி தெரிந்தது. "ஏஞ் சாமி, இழுத்துப் பாத்தியா? கழுத்து ரிப்ப விட்டுப் பாத்தியா? ஒண்ணுமே பாக்காம காசக் குடுத்துப்போட்டு வந்திருக்கற!" என்றார். கீழே எழுதியிருப்பதில் பாதி அவர் சொன்னது. மீதி நானும் நண்பர்களும் சோதித்துப் பார்த்தது.

முதலில், பழைய கேம் படத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவனம்? பூப்போட்ட சட்டை அரை அங்குலம் கோணினால் யாருக்கும் தெரியாது. பழைய கேம் படமோ முழுக்க முழுக்கச் சதுரம். 1978-ல் ஜப்பானின் டைட்டோ கம்பெனி வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸில் வரும் நண்டு மாதிரிப் பூச்சி, குறுக்கே 11 கட்டம், நெடுக்கே 8 கட்டம், அவ்வளவுதான். ஒரு கட்டத்தை 2 செ.மீ. என்று வைத்தால் நெஞ்சில் 22 செ.மீ. அகலம், 16 செ.மீ. உயரம் வரும். அதில் ஒவ்வொரு கோடும் படுக்கை அல்லது செங்குத்து. நடுவில் சாய்வுக் கோடு கிடையாது. அதனால் துணி கொஞ்சம் சாய்ந்தாலும் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். வேறு படம் துணியின் குறையை மறைக்கும், இது காட்டிக்கொடுக்கும்.

நம் மாமாக்கள், சித்தப்பாக்கள் டிவியில் கேசட் சொருகி விளையாடிய கேமும் இதே கதைதான். (கேசட்டின் மேல் 9999 கேம் என்று போட்டிருக்கும். உள்ளே போனால் பத்து இருபது கேம்தான் திரும்பத் திரும்ப வரும். எங்கள் மாமா இன்னும் அந்தக் கோபத்தில் இருக்கிறார்.) அந்தப் பெட்டிகள் 1983-ல் நிண்டெண்டோ கொண்டுவந்த ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல்கள். அதில் நகரும் ஒரு பொம்மைத் துண்டுக்கு மூன்று நிறம்தான் கொடுக்க முடியும். 1985-ல் வந்த சூப்பர் மேரியோவில் அந்தக் குட்டி மேரியோவை எண்ணிப் பாருங்கள், மூன்றே நிறம். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் என்பதால், இந்த மாதிரிப் படம் செலவு குறைவு. ஆக, மிச்சமாகும் காசைத் துணியில் போடலாம். நாங்கள் துணியிலும் மிச்சம் பிடிக்கப் பார்த்தோம்!

சரி, துணிக்கு வருவோம். கடையில் முதலில் காதில் விழும் வார்த்தை ஜி.எஸ்.எம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. 140 என்றால் மெல்லிசு, 180 நல்ல கனம், 240 என்பது இப்போது எல்லோரும் போடுகிற தொளதொள ஓவர்சைஸ் சட்டைத் துணி. கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, நாமே பார்க்கலாம். 10 செ.மீ.க்கு 10 செ.மீ. துண்டு வெட்டுங்கள். அது 100 சதுர செ.மீ., அதாவது சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்கு. எடையை 100-ஆல் பெருக்கினால் ஜி.எஸ்.எம். கிடைத்துவிடும். கம்பெனிகளில் இதற்கென்றே வட்டமாக வெட்டும் கட்டர் வைத்திருக்கிறார்கள். எங்களுக்குக் கத்தரிக்கோலும், வேதியியல் ஆசிரியர் அனுமதித்த ஆய்வகத் தராசும் போதுமாயிற்று. போன வருஷச் சட்டையில் வெட்டிய துண்டு 1.38 கிராம். 160 என்று சொல்லித் தந்த துணி 138! துவைத்துச் சுருங்கினால் கனம் கூடத்தான் செய்யும். கூடியே இவ்வளவு என்றால் புதிதில் எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்காக, கனம் கூடினால் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். சித்திரை வெயிலில் 240 போட்டுக்கொண்டு ஸ்டாலில் நின்றால் தெரியும் சேதி. கனமான துணியே மோசமான நூலில் பின்னியதாகவும் இருக்கலாம். நூலுக்கு நம்பர் உண்டு. 840 கஜம் கொண்ட சிட்டம் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ, அதுதான் நம்பர். 30-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 25,200 கஜம் நூல். நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசாகும். இதைவிட முக்கியம், பஞ்சைச் சீவிக் குட்டை இழைகளைக் கழித்துவிட்டு நூற்ற நூலா என்பது. கோம்டு நூல் என்பார்கள். சீவாத நூலில் குட்டை இழைகள் முடி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முடியின் மேல் மை பட்டால் கட்டத்தின் ஓரம் கத்தி மாதிரி இருக்காது, பல் கடித்த பிஸ்கட் மாதிரி இருக்கும். பயோ வாஷ் செய்த துணியில், என்சைம் அந்த முடிகளைத் தின்று மேல்பரப்பை வழவழப்பாக்கியிருக்கும். இரண்டும் உள்ள துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். (இந்தத் தாளின் வலது ஓரத்தில் இரண்டு துண்டும் ஒட்டியிருக்கிறேன். தொட்டுப் பாருங்கள், தயவுசெய்து பிய்த்துவிடாதீர்கள்.)

இனி எங்கள் மானத்தை வாங்கிய இரண்டு விஷயம்: சுருங்கல், முறுக்கல்.

பனியன் துணி நெய்வது இல்லை, பின்னுவது. வளையம் வளையமாகக் கோத்தது. சாயம் போட்டு, காயவைத்து, உருளைகளில் ஓடும்போது அந்த வளையங்கள் நீளவாக்கில் இழுபட்டு நிற்கின்றன. நம் வீட்டு வாளியில் நனைந்ததும் "அப்பாடா" என்று பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கின்றன. நீளம் குறைகிறது, சில சமயம் அகலம் கூடுகிறது. இதைத் தடுக்கத்தான் காம்பாக்டிங் என்று ஒரு வேலை செய்கிறார்கள். துணியை நீளவாக்கில் முன்கூட்டியே நெருக்கிவிடுவது. நூற்றுக்கு 5 வரை சுருங்கினால் பரவாயில்லை என்று விடுவார்கள். எங்களுடையது 27-க்கு 2, அதாவது 7-க்கும் மேல்.

முறுக்கலுக்குக் காரணம் நூலிலேயே இருக்கிறது. நூல் என்பது முறுக்கிய பஞ்சு. முறுக்கு அதிகமாக இருந்தால் அது பிரியப் பார்க்கும். பிரியும்போது தான் இருக்கிற வளையத்தையும் ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும். டி-ஷர்ட்டுக்கு வரும் சிங்கிள் ஜெர்சி துணியில் இந்தத் தொல்லை அதிகம். ஆயிரக்கணக்கான வளையம் ஒரே பக்கம் சாய்ந்தால் சட்டையே திரும்பிக்கொள்ளும். புதுச் சட்டையில் அயர்ன் போட்டு மடித்து வைத்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். 22 வாங்குமுன் ஒன்றே ஒன்று வாங்குங்கள். உள்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் 20 செ.மீ. சதுரம் ஒன்று வரையுங்கள். மூன்று தடவை துவைத்து நிழலில் காயப் போடுங்கள். பிறகு ஸ்கேல் வைத்து அளங்கள். பக்கம் 19 ஆகியிருந்தால் நூற்றுக்கு 5 போயிற்று. அப்புறம் மூலைமட்டம் வையுங்கள். மூலை 90 பாகை இல்லாமல் சதுரம் இணைகரமாகியிருந்தால் அந்தத் துணி முறுக்குகிறது. கணக்கு டீச்சர் இணைகரம் நடத்தியபோது இது சட்டைக்கு உதவும் என்று நான் சத்தியமாக நினைக்கவில்லை. இந்த முறை மூன்று கடையில் மூன்று சாம்பிள் வாங்கினோம். ஒன்று இணைகரமாயிற்று. ஒன்று சாயம் விட்டது. ஈரக் கைக்குட்டையால் தேய்த்ததும் கைக்குட்டை சாம்பல் நிறம். மூன்றாவதுதான் தேறியது: 180 ஜி.எஸ்.எம்., கோம்டு, பயோ வாஷ். நூறு ரூபாய்க்குக் கிடைக்காது, 150 ஆகிறது. பிரிண்டோடு 210. போன வருஷத்தைவிட 60 ரூபாய் கூட. அந்த 60 எதற்கு என்பதுதான் மேலே எழுதிய அத்தனையும்.

கழுத்து ரிப்பை இரண்டு கையாலும் இழுத்து விட்டால் உடனே பழைய இடத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் ஒரே மாதத்தில் தொங்கும். பாலியஸ்டர் விளையாட்டுச் சட்டை விலை குறைவு, சுருங்காது, படமும் சப்ளிமேஷனில் அழகாக ஏறும். ஆனால் அந்த முறை வெளிர் நிறப் பாலியஸ்டரில்தான் எடுபடும். நமக்கு வேண்டியதோ பழைய கேம் திரை மாதிரி கறுப்பு. வியர்வைக்கும் பருத்திதான் சுகம் என்பது என் கட்சி.

அடுத்து அளவு. எஸ், எம், எல் எழுத்தை நம்பவே நம்பாதீர்கள். கடைக்குக் கடை மாறும். வீட்டில் உங்களுக்குச் சரியாக இருக்கும் ஒரு டி-ஷர்ட்டைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அகலம், தோள்பட்டை மேலிருந்து அடி வரை நீளம், இரண்டையும் அங்குலத்தில் எழுதி வாருங்கள். போன வருஷம் சிலர் ஸ்டைலாக இருக்கட்டும் என்று டைட்டாக வாங்கினார்கள். 38 அங்குல மார்புக்கு 36 சட்டை போட்டால், 2 செ.மீ. கட்டம் குறுக்கே 2.1 ஆக இழுபடும். உயரம் கொஞ்சம் குறையும். சதுரம் போய்ச் செவ்வகம்! பூச்சி கொழுத்துவிடும். இழுபட்டுக்கொண்டே இருக்கும் மையும் சீக்கிரம் வெடிக்கும். அதனால் மார்புச் சுற்றளவைவிடச் சட்டை 3, 4 அங்குலமாவது கூட இருக்கட்டும். ரொம்பப் பெரிதானாலும் படம் மடிப்பில் விழுந்து காணாமல் போகும். பெண்களுக்குத் தனி வெட்டு இந்தக் கடையில் இல்லை. நீளமும் தளர்வும் வேண்டும் என்பவர்கள் ஒரு அளவு கூட்டிச் சொல்லுங்கள். தோள் கொஞ்சம் இறங்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

"படம் யாருடையது, கேட்டீங்களாப்பா?" என்று போன வருஷமே கம்ப்யூட்டர் டீச்சர் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அந்தப் பொம்மைகள் அந்தந்தக் கம்பெனிகளின் சொத்து. ஆசைக்குப் போட்டோம் என்பதால் நம்முடையது ஆகிவிடாது. அதனால் இந்த வருஷம் படம் சொந்தம். கிராஃப் தாளில் 16-க்கு 16 கட்டம், மூன்று நிறம். இதுவரை வந்தவற்றில் ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி வரைந்த பனியன் தைக்கும் ரோபோதான் முன்னால் நிற்கிறது.

மூன்று தடவை துவைத்த சாம்பிள் சட்டை 11-ஆ வகுப்பின் ஜன்னலில் தொங்குகிறது. உள்பக்கம் திருப்பிச் சதுரத்தை நீங்களே அளந்து பார்க்கலாம், ஸ்கேல் அங்கேயே கட்டியிருக்கிறது. அளவு எழுதும் நோட்டு வெள்ளிக்கிழமை வரை என்னிடம் இருக்கும். பணம் இப்போது வேண்டாம், சட்டை வந்து போட்டுப் பார்த்த பிறகு கொடுங்கள். அந்த ஒன்பதாம் வகுப்புத் தம்பி, இப்போது பத்தாம் வகுப்பு, அவன் பெயரை முதல் வரியில் நானே எழுதிவிட்டேன். அவனிடம் பணம் வாங்கப் போவதில்லை. அளவு மட்டும்தான் இன்னும் சொல்லவில்லை.

— 11-ஆ பிரிவு மாணவன்