கதை ரசிகர்களின் கணக்குக் கொப்பி

2018 டிசம்பரில் எங்கள் வியாபாரிகள் சங்கத்தின் குடும்ப ஒன்றுகூடலைத் தெற்குக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் வைத்தோம். நான்தான் பொருளாளர். "வாறோம் நானா, எங்கட பேரையும் போடுங்க" என்று நாற்பது குடும்பங்கள் வாயால் சொல்லின. அதை நம்பி நாற்பது அறைகளுக்குக் கையொப்பமிட்டேன். வந்தவை இருபத்தாறு குடும்பங்கள். ஒருவர் வீட்டில் கலியாணம், இன்னொருவரின் கொள்கலன் துறைமுகத்தில் நின்றுவிட்டது, சிலருக்குக் காரணமே இல்லை. மீதிப் பதினான்கு அறைகளின் பணத்தை நானும் இரண்டு நண்பர்களும் கையிலிருந்து கட்டினோம். அவர்களில் ஒருவர் இன்றும் என்னோடு பழையபடி பேசுவதில்லை.

பர்மிங்ஹாமில் இருக்கும் என் மருமகன் லீவில் வந்திருந்தபோது இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "மாமா, கதை வாசிக்கிற ஆக்கள் இதுக்கு எப்பவோ வழி கண்டுட்டாங்க" என்றார். அவர் விஞ்ஞானப் புனைகதை ரசிகர்களின் மாநாடுகளில் பதிவு மேசையில் உட்காரும் தொண்டர். விண்கலம், வேற்றுக்கிரகவாசி, மந்திரவாதி என்று கதை பேச மூன்று நாள் ஹோட்டலில் கூடுகிறவர்களைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பு இருந்ததில்லை. ஆனால் அவர்களது கணக்கு வழக்கை அவர் விளக்க விளக்க, நான் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினேன்.

இந்தக் கூட்டத்தை முதலில் சேர்த்தவரே ஒரு வியாபாரிதான். ஹியூகோ கேர்ன்ஸ்பெக் என்பவர் நியூயோர்க்கில் ரேடியோ உதிரிப்பாகங்களை இறக்குமதி செய்து தபால் மூலம் விற்றவர். 1926இல் விஞ்ஞானக் கதைகளுக்கென்றே 'அமேசிங் ஸ்டோரிஸ்' என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். அதில் வாசகர் கடிதங்களை எழுதியவர்களின் விலாசத்தோடு அச்சிட்டார். வாசகர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள், பிறகு நேரில் சந்தித்தார்கள். 1934இல் வேறொரு சஞ்சிகையை நடத்தியபோது அதன் மூலம் ரசிகர் சங்கம் ஒன்றையே அமைத்து ஊர் ஊராகக் கிளை திறந்தார். வாடிக்கையாளரை வாடிக்கையாளரோடு சேர்த்துவிட்டால் கடையை மறக்க மாட்டார்கள் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். சஞ்சிகைகள் அவர் கையை விட்டுப் போயின, கூட்டம் நின்றது.

1937 ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு மாநாடு நடந்தது. வந்தவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம், அவ்வளவுதான். அவர்களில் ஒருவர் பத்தொன்பது வயது ஆர்தர் சி. கிளார்க். 1956இல் நமது நாட்டுக்குக் குடிவந்து, 2008இல் மறையும்வரை கொழும்பில் வாழ்ந்தாரே, அவரேதான். 1939இல் நியூயோர்க்கில் முதலாவது உலக மாநாடு கூடியது. சுமார் இருநூறு பேர். லொஸ் ஏஞ்சல்ஸ் தெருமுனையில் பத்திரிகை விற்றுக்கொண்டிருந்த ரே பிராட்பரி, சங்க நண்பர் ஃபொரஸ்ட் அக்கர்மன் கொடுத்த கடனில் பஸ் ஏறி அதற்குப் போனார். பிற்காலத்தில் உலகப் புகழ் எழுத்தாளரானவர். அக்கர்மன் கொடுத்தது நல்ல கடன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். உலக மாநாட்டுக்குத் தலைமையகம் கிடையாது, முதலாளியும் கிடையாது. ஒவ்வொரு வருடமும் வேறோர் ஊரின் ரசிகர் குழு நடத்தும். எந்த ஊர் என்பதை முன்கூட்டியே வாக்கெடுத்துத் தீர்மானிப்பார்கள். வாக்களிக்க விரும்புபவர் பணம் கட்ட வேண்டும். எந்த ஊர் வென்றாலும் அந்தப் பணம் அந்த ஊர் மாநாட்டின் அங்கத்துவமாகிவிடும். ஆக, வென்ற குழுவுக்கு முதல் நாளிலேயே கையில் காசும் பெயர்ப் பட்டியலும் இருக்கும். அவர்கள் டிக்கட் விற்பதில்லை, அங்கத்துவம்தான். நேரத்தோடு கட்டினால் குறைவு, நாள் நெருங்க நெருங்கக் கூடும். தலைவர் முதல் கதிரை அடுக்குபவர் வரை சம்பளம் இல்லை. அவர்களும் அங்கத்துவப் பணம் கட்டியே வர வேண்டும். கடைசியில் மிச்சம் இருந்தால் உழைத்தவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுப்பதுண்டு.

ஹோட்டலோடு செய்யும் உடன்படிக்கைதான் உயிர்நாடி. இத்தனை அறைகளை எங்கள் ஆட்கள் எடுப்பார்கள் என்று குழு வாக்குக் கொடுக்கும். அந்த எண்ணிக்கை நிறைந்தால் மண்டபங்கள் இலவசமாகவோ குறைந்த வாடகைக்கோ கிடைக்கும். குறைந்தால் வெறும் அறைக்கும் குழுதான் பணம் கட்ட வேண்டும். அதாவது எனக்கு நடந்ததேதான்! எத்தனை சதவீதம் வரை குறையலாம், எந்தத் திகதிவரை அறைகளைத் திருப்பிக் கொடுக்கலாம் என்ற இரண்டு வரிகளுக்காக அவர்கள் நாட்கணக்கில் பேரம் பேசுவார்களாம். நான் அந்தப் பக்கத்தை வாசிக்காமலே கையொப்பம் வைத்தேன்.

அவர்களும் விழுந்திருக்கிறார்கள். 1983இல் பால்ட்டிமோர் நகரில் நடந்த உலக மாநாடு விருது விழாவோடு நண்டு விருந்தும் வைத்து, முடிவில் கடனாளியாகி நின்றது. வேறு மாநாட்டுக் குழுக்கள் கைகொடுத்தன. அடுத்த வருடம் லொஸ் ஏஞ்சல்ஸ் குழு எட்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கூட்டி உபரியோடு முடித்தது. பிற்காலத்தில் ஓர் ஏற்பாடு வந்தது. உபரி கண்ட மாநாடு அதில் பாதியை அடுத்து வரும் மூன்று மாநாடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்க, அவையும் அப்படியே செய்யச் சம்மதிக்கும். போட்டிக் கடைக்காரனுக்கு முதல் கொடுப்பது போன்ற இந்த வேலை நமது தெருவில் நடக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

பொஸ்டன் சங்கத்தின் கதை வேறு மாதிரி. அவர்களது வருடாந்த மாநாடு வளர்ந்து வளர்ந்து 1987இல் நாலாயிரம் பேரைத் தாண்டியது. வேடிக்கைக்கு வந்த கூட்டம் தீ எச்சரிக்கை மணியை இழுத்தது. இனி இங்கே வேண்டாம் என்று ஹோட்டல் கதவைச் சாத்தியது. சங்கத்தார் அடுத்த வருடமே மாநாட்டை ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற சிறிய நகருக்குக் கொண்டுபோய், வேண்டுமென்றே ஆட்களைக் குறைத்தார்கள். புத்தகம், ஓவியம், எழுத்தாளர் என்று தங்களுக்குத் தெரிந்த சரக்கோடு நின்றார்கள். விட்ட வாடிக்கையை 1990இல் தொடங்கிய இன்னொரு மாநாடு எடுத்துக்கொண்டது. இவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 2003இல் பொஸ்டனுக்கே திரும்பினார்கள். கடையை விரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நன்றாக ஓடும்போது சுருக்குவதற்கு நெஞ்சு வேண்டும்.

2014இல் சிக்காகோவுக்கு அருகே இளம் ரசிகர்கள் நடத்திய ஒரு மாநாட்டில், முதல் நாள் இரவே ஹோட்டலுக்குக் கட்ட 17,000 டொலர் வேண்டும் என்று வந்திருந்தவர்களிடமே பணம் சேர்த்தார்கள். வாயால் வந்த கூட்டத்தை நம்பினால் இதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது லொஸ் ஏஞ்சல்ஸ் சங்கம். கேர்ன்ஸ்பெக் திறந்த கிளைகளில் ஒன்றாக 1934இல் தொடங்கியது. வாரந்தோறும் வியாழக்கிழமை கூட்டம். ஆரம்பத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் கூடினார்கள். அங்கே தேசிக்காய்ச் சாறு இலவசம். பையில் காசில்லாத பையன்களுக்கு அது போதும். பின்னர் கட்டட நிதி ஒன்றைத் தொடங்கி, ஏலத்திலும் நன்கொடையிலும் சில்லறையாகச் சேர்த்து, 1973இல் சொந்தமாக ஒரு வீடு வாங்கினார்கள். 1977இல் அதைவிடப் பெரியது. பெரிய வள்ளல் ஒருவரின் பெயரில் நிற்கும் கட்டடங்கள் நம்மிடம் உண்டு. வாரக் கூட்டத்துக்கு வருகிறவர்களின் சில்லறையில் வாங்கிய வீடு எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். விரல்கள் மிச்சமாயின.

சங்கத்தின் அடுத்த ஒன்றுகூடலுக்குப் பொருளாளர் பொறுப்பை மீண்டும் என் தலையில் கட்டியிருக்கிறார்கள். முதல் தவணை கட்டிய குடும்பங்கள் பதினேழு. ஹோட்டல்காரரிடம் பதினேழு அறைகள்தான் பேசியிருக்கிறேன். இரண்டு அறைகளைத் திருப்பிக் கொடுக்கும் திகதியையும் பத்திரத்தில் எழுதி வாங்கிவிட்டேன். "வாறோம் நானா" என்றவர்களின் பெயர்கள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் இருக்கின்றன.