மூன்று துப்பாக்கி, ஒரே கடிகாரம்

ஒலிம்பிக் துப்பாக்கிச் சுடுதலைப் பார்த்துப் பழகியவர்கள் மல்டிகன் போட்டியை முதன்முறை பார்த்தால், ஏதோ சினிமா சண்டைக்காட்சிக்கு ஒத்திகை நடக்கிறது என்றே நினைப்பார்கள். அந்த நினைப்பில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ‘ஜான் விக்’ படங்களுக்காக கியானு ரீவ்ஸ் பயிற்சி எடுத்தது இந்த ஆட்டக்காரர்களிடம்தான். ரைஃபிள், ஷாட்கன், கைத்துப்பாக்கி மூன்றையும் மாற்றி மாற்றிச் சுட்டபடி அவர் ஓடும் காணொளி 2016-ல் உலகமெங்கும் சுற்றியது. படத்தில் ஆட்கள் விழுந்தார்கள். போட்டியில் விழுவது இரும்புத் தகடுகள்.

இது அமெரிக்காவில் பிறந்த ஆட்டம். ‘சோல்ஜர் ஆஃப் ஃபார்ச்சூன்’ என்ற பத்திரிகை 1980-களில் நடத்திய மூன்று துப்பாக்கிப் போட்டி இதற்கு முன்னோடி. பிறகு நெவாடாவின் போல்டர் சிட்டி, நியூ மெக்ஸிகோவின் ராட்டன் போன்ற இடங்களில் பெரிய போட்டிகள் வளர்ந்தன. நம் நாட்டில் 9 மி.மீ. கைத்துப்பாக்கியும் தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளும் தடைசெய்யப்பட்ட வகையில் வருபவை. ஆகவே நமக்கு இது வேடிக்கை பார்க்கும் ஆட்டம் மட்டுமே. ஆனால் வேடிக்கை பார்க்கவும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஆட்டக்காரர்கள் தங்கள் ஆயுதங்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், எதை வெட்டுகிறார்கள், எதை ஒட்டவைக்கிறார்கள் என்று பார்த்தால் ஆட்டமே புரிந்துவிடும்.

ஆட்டக்களத்தின் ஒவ்வொரு பகுதியையும் ‘ஸ்டேஜ்’ என்பார்கள். நடுவர் கையில் ஒரு டைமர் இருக்கும். அது ‘பீப்’ என்றதும் ஓட்டம் தொடங்கும். டைமருக்குள் இருக்கும் மைக் ஒவ்வொரு வெடிச் சத்தத்தையும் குறித்துக்கொள்ளும். கடைசி வெடி எப்போது கேட்டதோ அதுவே அந்த ஸ்டேஜில் உங்கள் நேரம். பல போட்டிகளில் அட்டைக் குறிக்கு நடுவில் ஒரு அடியோ, எங்காவது இரண்டு அடியோ பட்டால் போதும். படாவிட்டால் தண்டனையாகச் சில வினாடிகளைக் கூட்டிவிடுவார்கள். இரும்புத் தகடு விழுந்தே ஆக வேண்டும். குறைந்த நேரம் எடுத்தவர் முன்னால் போவார்.

அந்த நேரத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். விசையை இழுப்பதற்கு ஆகும் நேரம் சொற்பம். ஓடுவது, நிற்பது, கண்ணை அடுத்த குறிக்குக் கொண்டுபோவது, ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுப்பது, தோட்டா ஏற்றுவது என்று மற்றவைதான் நேரத்தைத் தின்கின்றன. ஆட்டக்காரர்கள் பணத்தைக் கொட்டுவதும் இந்த இடைவெளிகளில்தான். தோட்டாவின் வேகத்தைக் கூட்ட யாரும் செலவு செய்வதில்லை.

இந்த இடைவெளிகளில் மிகப் பெரியது ஷாட்கனில் இருக்கிறது.

ரைஃபிளுக்கும் கைத்துப்பாக்கிக்கும் மேகசின் உண்டு. காலியானதைக் கழற்றி நிறைந்ததைச் செருகினால் முடிந்தது. 12 போர் ஷாட்கனின் தோட்டாக்களோ குழலுக்குக் கீழே இருக்கும் இன்னொரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பல போட்டிகளில் தொடக்கத்தில் 9 தோட்டாக்களுக்கு மேல் ஏற்றியிருக்கக் கூடாது. ஸ்டேஜோ இருபது தகடுகளைக் காட்டும். மிச்சத் தோட்டாக்களை ஓடிக்கொண்டே ஏற்ற வேண்டும்.

முன்பெல்லாம் இடுப்பிலிருந்து ஒரு பிடி தோட்டாக்களை எடுத்து ஒவ்வொன்றாகத் தள்ளுவார்கள். பிறகு வந்த ‘குவாட் லோட்’ முறை ஆட்டத்தின் முகத்தையே மாற்றியது. தோட்டாக்கள் இரண்டிரண்டாக, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்படி மார்பிலோ இடுப்பிலோ கட்டப்பட்ட தாங்கிகளில் இருக்கும். ஒரே பிடியில் நான்கு தோட்டாக்கள் கைக்கு வரும். துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பித் தோளில் சாய்த்து, முன்னால் இருக்கும் ஜோடியைக் கட்டைவிரலால் ஒரே தள்ளு, அடுத்த ஜோடியை இன்னொரு தள்ளு. பழகிய கை நான்கையும் 2 வினாடிக்குள் ஏற்றிவிடும்.

இந்தக் கட்டைவிரலுக்காகத்தான் ஷாட்கனில் இத்தனை வெட்டல் ஒட்டல். தோட்டா நுழையும் வாயை அகலமாகக் கடைந்து, கூர் விளிம்புகளை மழுங்கச் செய்கிறார்கள். உள்ளே தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் தகட்டின் பிளவில் விரல் சிக்கிச் சதை கிழியும் என்பதால் அந்தப் பிளவை வெல்டிங் வைத்து அடைக்கிறார்கள். போல்ட்டை விடுவிக்கும் பொத்தானைப் பெரிதாக்குகிறார்கள். குழாயையும் நீட்டுகிறார்கள். பக்கவாட்டில் ஒற்றைத் தோட்டாவைக் கவ்விப் பிடித்திருக்கும் ஒரு சிறு தாங்கியும் உண்டு. துப்பாக்கி முழுக்கக் காலியாகிவிட்ட கணத்தில் கடைசித் தகடு இன்னும் நின்றுகொண்டிருந்தால், அந்த ஒன்றை நேராக அறைக்குள் போட்டுச் சுடலாம். பார்க்க அற்பமான பிளாஸ்டிக் துண்டு. என் கணக்கில் இந்த ஆட்டத்தின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு அதுதான்.

எந்த ஷாட்கன் என்று கேட்டால் பேச்சு பெரும்பாலும் பெனெல்லி எம்2-வில் வந்து நிற்கும். இத்தாலியின் உர்பினோவில் 1967-ல் தொடங்கிய நிறுவனம் அது. மற்றப் பல துப்பாக்கிகள் வெடிவாயுவில் கொஞ்சத்தைத் திருடி, அந்த அழுத்தத்தால் பிஸ்டனைத் தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். பெனெல்லி எம்2 வாயுவைத் தொடுவதில்லை. வெடித்ததும் துப்பாக்கி முழுவதும் பின்னால் உதைக்கும்போது, உள்ளே இருக்கும் கனமான போல்ட் மட்டும் தன் நிலைமத்தால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அந்த முரணில் நடுவே இருக்கும் ஒரு கெட்டியான சுருள்வில் அமுங்கும். அமுங்கிய வில் விரியும்போது பூட்டுத் திறந்து, காலி உறை வெளியே பறக்கும். புகையும் கரியும் உள்ளே வராததால் நாள் முழுக்கச் சுட்டாலும் துப்பாக்கி சுத்தமாக இருக்கும்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. துப்பாக்கி உதைத்தால்தான் இயந்திரம் ஓடும். நீண்ட குழாய், அதில் நிறையத் தோட்டா, மேலே கண்ணாடி, பக்கத்தில் தாங்கி என்று கனத்தைக் கூட்டிக்கொண்டே போனால் உதைப்பு குறையும். மருந்து குறைந்த மெல்லிய தோட்டாவைப் போட்டால் இன்னும் குறையும். ஒரு கட்டத்தில் வில் போதுமான அளவு அமுங்காமல் காலி உறை பாதியில் சிக்கிக்கொள்ளும். வாயுவில் ஓடும் பெரெட்டா 1301 போன்றவை இந்த விஷயத்தில் சொன்ன பேச்சைக் கேட்பவை. தோளுக்கும் இதமானவை. ஆனால் அவற்றைக் கழற்றித் துடைக்கச் சோம்பல்படக் கூடாது.

குழல் முனையில் திருகும் ‘சோக்’ அடுத்த தலைவலி. அது ரவை எவ்வளவு பரவ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சிறு குறுக்கம். குறுக்கமே இல்லாத குழலில் 40 கஜத் தொலைவில், 30 அங்குல வட்டத்துக்குள் விழுவது ஏறத்தாழ 40 சதவீத ரவைதான். முழுக் குறுக்கம் வைத்தால் அது 70 சதவீதத்தை எட்டும். அப்படியானால் முழுக் குறுக்கம்தானே நல்லது? அதே ஸ்டேஜில் ரவையை எடுத்துவிட்டு ஒற்றை ஈயக்குண்டு போட்டுத் தூரத்துக் குறியை அடிக்கச் சொல்வார்கள். இறுகிய சோக்கில் ஈயக்குண்டை அனுப்புவது துப்பாக்கிக்கும் நல்லதல்ல, குறிக்கும் நல்லதல்ல. ஆகவே பெரும்பாலோர் மிதமான குறுக்கம் ஒன்றைத் திருகிக்கொண்டு, நாள் முழுவதும் அதைக் கழற்றாமல் ஓட்டுகிறார்கள்.

இத்தனை கஷ்டம் எதற்கு, ஷாட்கனுக்கும் மேகசின் வைத்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் ஆலையில் கலாஷ்னிகோவ் அமைப்பை ஒட்டிச் செய்த சைகா-12 அப்படிப்பட்டதுதான். ஆனால் இங்கேதான் விதி குறுக்கே வருகிறது. போட்டியைப் பிரிவுகளாகப் பிரித்து, இந்த மாதிரி ஆயுதங்களை ‘ஓப்பன்’ பிரிவுக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே கைத்துப்பாக்கியில் சிவப்புப் புள்ளிக் கண்ணாடி, உதைப்பை அடக்கும் முனை, எல்லாம் செல்லும். ‘டாக்டிகல்’ பிரிவில் ரைஃபிளுக்கு மட்டும் ஒரே ஒரு கண்ணாடி அனுமதி. ‘லிமிட்டெட்’ என்றால் அந்தக் கண்ணாடியிலும் உருப்பெருக்கம் கிடையாது. இதற்கெல்லாம் அப்பால் ‘ஹெவி மெட்டல்’ என்று ஒரு முரட்டுப் பிரிவு இருக்கிறது: .308 ரைஃபிள், .45 கைத்துப்பாக்கி, ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய பம்ப் ஷாட்கன். மறுநாள் தோள் வலிக்கும் என்று தெரிந்தே சேர்கிறார்கள். சைகாவுக்கு இன்னொரு அடியும் விழுந்தது. 2014-ல் அமெரிக்கா கலாஷ்னிகோவ் நிறுவனத்தின் மீது தடை விதித்ததோடு அதன் இறக்குமதி நின்றுபோனது.

ரைஃபிளுக்கு வருவோம். யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த ஏ.ஆர் குடும்பத்தின் ஏ.ஆர்-15 தான் இங்கே ஏறக்குறைய எல்லோர் கையிலும் இருப்பது. .223 தோட்டாவின் உதைப்பு மிகக் குறைவு. உதிரிப் பாகங்கள் எல்லாக் கடையிலும் கிடைக்கும். 18 அங்குலக் குழல், வாயுவைப் பக்கவாட்டில் சிதறடித்து முனை எழும்பாமல் பிடிக்கும் பிரேக், லேசான விசை என்று தொடங்கி, சிலர் உள்ளே ஓடும் போல்ட்டின் எடையையும் குறைத்து, வாயுவின் அளவையும் திருகாணியால் சுருக்குகிறார்கள். அப்போது கண்ணாடியில் தெரியும் குறி அசையவே அசையாது. ஆனால் வாயு அளந்து வருவதால், கொஞ்சம் மணலோ குளிரோ போதும், துப்பாக்கி பாதியில் நின்றுவிடும். அந்தச் சிக்கலை எடுக்க ஆகும் 5 வினாடியை எந்த அசையாத குறியும் திருப்பித் தராது. இந்தப் பேராசை எனக்குப் புரிவதில்லை.

கண்ணாடியில்தான் உண்மையான முன்னேற்றம். ஒரே ஸ்டேஜில் 5 மீட்டரில் அட்டையும் 300 மீட்டரில் இரும்பும் இருக்கும். அதனால் 1 முதல் 6 மடங்கு வரை மாற்றிக்கொள்ளும் ஸ்கோப் வந்தது. 1 மடங்கில் இரு கண்ணையும் திறந்துவைத்தே சுடலாம். தூரக் குறி வரும்போது வளையத்தைத் திருக வேண்டும்; அது சட்டென்று திரும்ப ஒரு நெம்புகோல் பொருத்துகிறார்கள். ஓப்பன் பிரிவினர் திருகுவதுகூட இல்லை. 45 பாகை சாய்வில் இரண்டாவதாகச் சிவப்புப் புள்ளிக் கண்ணாடி ஒன்றை மாட்டி, கிட்டக் குறிக்குத் துப்பாக்கியையே சாய்த்துவிடுகிறார்கள்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இங்கே உண்டு. ஸ்கோப் குழலுக்கு மேலே ஏறத்தாழ 6.5 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. கண்ணின் கோடும் குழலின் கோடும் வெளியே எங்கோதான் சந்திக்கும். 50 கஜத்தில் சந்திக்கும்படி அமைத்தால் தோட்டா கொஞ்சம் மேலே ஏறி, 200 கஜத்தை ஒட்டி மறுபடி கண்ணின் கோட்டுக்கு இறங்கும். இடையில் 5 செ.மீ.க்கு மேல் விலகாது என்பதால் அவ்வளவு தூரமும் குறியின் நடுவிலேயே வைத்துச் சுடலாம். ஆனால் 5 மீட்டரில் நிற்கும் அட்டையில், நீங்கள் பார்த்த இடத்துக்கு ஏறத்தாழ 6 செ.மீ. கீழேதான் ஓட்டை விழும். அட்டையில் பாதியை மறைத்துச் சின்னக் கட்டம் மட்டும் காட்டும்போது இதை மறந்தவர்கள் தண்டனை வினாடி வாங்குகிறார்கள்.

கைத்துப்பாக்கியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, ஒன்றைத் தவிர. அதிலும் விதியே தோட்டாவைத் தேர்ந்தெடுத்தது. வெறும் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் ‘பவர் ஃபாக்டர்’ என்ற கணக்கு உண்டு. தோட்டாவின் எடையைக் கிரெயினிலும் வேகத்தை நொடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி, 1000-ஆல் வகுக்க வேண்டும். 124 கிரெயின் 9 மி.மீ. தோட்டா 1050 அடி வேகத்தில் போனால் 130 வரும். அமெரிக்க விதிப்படி 125-க்கு மேல் இருப்பதால் அது ‘மைனர்’. 165-ஐத் தொட்டால் ‘மேஜர்’. நடுவைவிட்டு விலகிய அடிக்குக் கூடுதல் புள்ளி. அந்தப் புள்ளிக்காக அங்கே பலர் .40 தோட்டாவின் கூடுதல் உதைப்பைப் பொறுத்துக்கொள்கிறார்கள். மல்டிகனில் நேரமும் தண்டனையும்தான் கணக்கு. வலுவுக்குப் பரிசே இல்லாதபோது உதைப்பை ஏன் சுமக்க வேண்டும்? ஆகவே 9 மி.மீ. குளோக் 34-ஓ, வசதி இருந்தால் ‘2011’ என்ற பெயருள்ள கைத்துப்பாக்கி வகையோ இடுப்பில் ஏறியது.

இடுப்பு என்றதும் பெல்ட். உள்ளே ஒரு பட்டை, அதன்மேல் வெல்க்ரோவால் ஒட்டும் விறைப்பான இன்னொரு பட்டை. அதில் கைத்துப்பாக்கி உறை, மேகசின் பைகள், ஷாட்கன் தாங்கிகள். சும்மா நின்று சுடும் போட்டிக்கான திறந்த உறை இங்கே உதவாது. கையில் ரைஃபிளோடு குதிக்கவும் தவழவும் சொல்வார்கள். அப்போது கைத்துப்பாக்கி நழுவி மண்ணில் விழுந்தால் அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது. ஆகவே பூட்டிப் பிடிக்கும் உறைதான் சரி.

துப்பாக்கி மாற்றும் இடத்திலும் அதே கறார். ஒன்றை முடித்ததும் அங்கே நிறுத்தியிருக்கும் பீப்பாய்க்குள் குழல் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்துவிட்டு அடுத்ததற்கு ஓட வேண்டும். அது முற்றிலும் காலியாகவோ, பாதுகாப்பு விசை போட்ட நிலையிலோ இருக்க வேண்டும். மறந்தால் வெளியேற்றம். குழலின் முனை இருபுறமும் 90 பாகையைத் தாண்டிப் பின்னால் திரும்பினாலும் வெளியேற்றம். முறையீடு செய்து தப்பிய கதைகள் அரிது. அதனால்தான் அனுபவசாலிகள் ரைஃபிளில் பாதுகாப்பு விசையை இரு பக்கமும் வைத்து, கட்டைவிரல் பார்க்காமலே தேடிப்பிடிக்கும்படி அதைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள்.

புதிதாக வருபவர்களுக்கு ஆட்டக்காரர்கள் வழக்கமாகச் சொல்வது டாக்டிகல் பிரிவைத்தான். கடையில் வாங்கிய ரைஃபிளையும் கைத்துப்பாக்கியையும் அப்படியே கொண்டுவரலாம். விசையையும் முனையையும் ஒரு பருவம் ஆடிய பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஷாட்கனை மட்டும் முதல் போட்டிக்கு முன்பே ஆயுதப் பட்டறைக்கு அனுப்பி, தோட்டா வாயைக் கடைந்து வாங்குவது நல்லது. கூடவே இரண்டு டஜன் மருந்தில்லாத போலித் தோட்டாக்களும் ஒரு டைமரும் வாங்கினால் வீட்டிலேயே மாலை வேளையில் குவாட் லோட் பழகலாம். முதல் வாரம் தோட்டாக்கள் கட்டிலுக்கடியில் உருண்டோடும். கட்டைவிரலில் நகக்கண் வரை சிவக்கும்.