கரிசல் கலைகள் – 11: ஏழாவது பாவை

பருத்தி எடுத்து முடித்து, கையில் நாலு காசு புழங்கும் பங்குனியில்தான் அவர்கள் வருவார்கள். ஒரு பெட்டி, ஆர்மோனியம், மிருதங்கம், பிள்ளைகுட்டிகள். கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்கள் ஊர்ப் பொட்டலில் கம்பு ஊன்றி, வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டினால் தோல்பாவைக்கூத்துக்கு மேடை தயார். ராமாயணம் என்றால் பத்து நாள் ஓடும். மழை தவறிய வருசம் கூத்துப் போட்டால் மழை இறங்கும் என்ற நம்பிக்கையும் உண்டு.

பெயருக்குப் பின்னால் ராவ் போட்டுக்கொள்ளும் மண்டிகர் குடும்பங்கள் இவை. வீட்டில் பேசுவது மராத்தி. தஞ்சாவூரை 1676 முதல் 1855 வரை மராட்டியர் ஆண்ட காலத்தோடு தங்கள் வரவைச் சேர்த்துச் சொல்வார்கள்.

எட்டு வயதில் ஒருநாள் திரைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். பாவைகளை ஆட்டுவது ஒரே ஆள்! ராமனும் அவர்தான், ராவணனும் அவர்தான், சூர்ப்பணகையின் ஒப்பாரியும் அவர் தொண்டையில்தான். சண்டை வந்தால் காலடியில் கிடந்த கட்டையை மிதித்துச் சத்தம் எழுப்பினார். ஆட்டுத்தோலை ஊறவைத்து, மயிர் சுரண்டி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குக் காயவைத்த பாவைகள். உளியால் குத்திய பொட்டு ஓட்டைகள்தான் திரையில் நகையாக மின்னின. பின்பாட்டுப் பாடிய மனைவியிடம் மராத்தியில் தண்ணீர் கேட்டார். குடித்த வாய் காயும் முன்னே கூத்தின் கோமாளிகள் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வரப்புத் தகராறு பேச ஆரம்பித்துவிட்டார்கள். அசல் எங்கள் ஊர்ச் சம்சாரிப் பேச்சு.

வேறு மொழி பேசும் வீடு தமிழைத் தாங்குவது கரிசலுக்குப் புதிதில்லை. இடைசெவலில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவர்தானே எழுத்தாளர் கி. ராஜநாராயணன்! மலைக்கு அந்தப் பக்கம், பாலக்காடு மாவட்டம் கூனத்தறையில் இதே பாவைக்கூத்தை ஆடும் ராமச்சந்திரப் புலவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கம்பன் பாட்டை மனப்பாடமாக வைத்திருக்கிறது. பத்ரகாளி கோயில் கூத்துமாடத்தில் 21 விளக்கு ஏற்றி ஆடுவார்கள். எதிரே ஒரு ஆள் இல்லாவிட்டாலும் கூத்து நிற்காது, அம்மன் பார்க்கிறாள். அப்பா கிருஷ்ணன்குட்டிப் புலவர் கொடுத்த வித்தைக்கு மகனுக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பேத்தி ரஜிதா பெண்களே ஆடும் குழுவை நடத்துகிறார்.

கரிசலில் அலைந்த குடும்பங்களுக்கு அப்படி ஒரு மாடம் கிடையாது. பார்க்க ஆள் வந்தால்தான் அன்றைக்கு உலை கொதிக்கும். டிவி வந்தபிறகு பொட்டல் காலியானது. கதை ஏட்டில் இல்லை. அப்பன் வாயிலிருந்து பிள்ளை காதுக்குப் போனதுதான். அந்தப் பிள்ளை வேறு வேலைக்குப் போனால் கதையும் கூடவே போய்விடும் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நல்லதங்காள் கதை நடந்த ராத்திரி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பஞ்சம் பிழைக்க அண்ணன் வீட்டுக்குப் போய், பட்டினியும் அவமானமும் தாங்காமல் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போடுகிறவள். திரைக்கு அந்தப் பக்கம் எங்கள் அம்மா, அத்தைமார் எல்லாரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். நான் நின்ற இந்தப் பக்கம், பெட்டியருகே என் வயதுப் பையன் ஒருவன் குந்தியிருந்தான். அவன் அப்பா திரும்பிப் பார்க்கவில்லை; கையை மட்டும் பின்னால் நீட்டினார். ஒவ்வொரு பிள்ளையாக எடுத்துக் கொடுத்தான். ஆறு முடிந்தது. மூத்தவன் தப்பி ஓடப் பார்க்கும் இடம் வரப்போகிறது. அப்பா கை நீட்டும் முன்பே ஏழாவது பாவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, உதடு அசைய அவரோடு சேர்ந்து வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்.