ஓசூர் கடிகாரமும் மோட்சார்ட் மெட்டும்

டிவி வந்த பிறகு நம் பாட்டு என்ன ஆனது? மூன்று மொழி புழங்கும் எல்லைச் சீமையிலிருந்து ஒரு பார்வை.

1980-களின் கடைசியில் டிவி பெட்டி இருந்த வீடுகளில் மாலை வேளையில் ஒரு வயலின் ஓசை எழும். அடுப்படியில் வேலையாக இருப்பவர்கூட எட்டிப் பார்க்காமலே சொல்லிவிடுவார், ‘டைட்டன் விளம்பரம்’ என்று. அது மோட்சார்ட்டின் 25-ஆவது சிம்பொனி என்பது கேட்டவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மேற்கத்திய செவ்வியல் இசைக்குப் பழக்கமே இல்லாத கோடிக்கணக்கான காதுகளில் அந்த மெட்டு குடியேறிவிட்டது. அந்தக் கடிகாரம் செய்யப்பட்ட இடம் ஓசூர்.

தொலைக்காட்சி இசையை எப்படி மாற்றியது என்ற கதைக்குச் சென்னையையும் மும்பையையும்தான் எல்லோரும் தேடிப் போவார்கள். அந்தக் கதையின் முக்கியமான இழை ஒன்று, பெங்களூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் இந்தத் தொழில் நகரத்தின் வழியாக ஓடுகிறது.

மூன்று கடிகாரங்கள், ஒரு மெட்டு

வறண்ட எல்லைப்புறமாகக் கிடந்த ஓசூரில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980-இல் அசோக் லேலண்ட் ஆலை, டிவிஎஸ் 50 மொபெட். பிறகு டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன். பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பாகங்களைக் கோக்க வைத்தார்கள்.

அன்று கடிகாரம் என்றால் எச்எம்டி. எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூரில் 1961 முதல் கடிகாரம் செய்துவந்த அரசு நிறுவனம். ஹைதராபாத்தில் ஆல்வின் இருந்தது. கன்னட நாட்டில் ஒன்று, தெலுங்கு நாட்டில் ஒன்று என்று இருந்த சந்தைக்குள் தமிழ்நாட்டிலிருந்து மூன்றாவதாக நுழைந்தது டைட்டன். குவார்ட்ஸ் தொழில்நுட்பம் அதன் பலம். அதை மக்களிடம் கொண்டு சேர்த்தது இசை.

டைட்டனின் முதல் நிர்வாக இயக்குநர் ஜெர்க்ஸஸ் தேசாய். விளம்பரத்தை உருவாக்கியது ஓகில்வி நிறுவனம்; அதன் படைப்புத் தலைவர் சுரேஷ் மல்லிக். 1773-இல் எழுதப்பட்ட ஒரு சிம்பொனியின் முதல் பகுதியிலிருந்து சில நொடிகளை எடுத்து, கைக்கடிகாரத்தின் குரலாக்கினார்கள். அதை எழுதியபோது மோட்சார்ட்டுக்கு வயது பதினேழு. ஓசூர் ஆலையில் கடிகாரம் கோத்த முதல் தலைமுறைப் பிள்ளைகள் பலருக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். இருநூறு ஆண்டு இடைவெளியில் இந்த இரு உழைப்பையும் ஒன்றாகச் சேர்த்தது தொலைக்காட்சி.

இதே சுரேஷ் மல்லிக்தான் ‘மிலே சுர் மேரா துமாரா’வையும் உருவாக்கியவர். 1988 ஆகஸ்ட் 15 அன்று தூர்தர்ஷனில் அது ஒளிபரப்பானது. சினிமாவிலிருந்து எடுக்காமல், டிவிக்காகவே படம்பிடிக்கப்பட்டு நாடு முழுவதும் பார்த்த பாட்டு. பதினான்கு மொழிகளில் ஒரே வரி. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் அதில் அடுத்தடுத்து வரும். தமிழைப் பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா. தெருவுக்குத் தெரு இந்த மூன்று மொழியும் கேட்கும் ஓசூரில் அந்தச் சில நொடிகள் ஊரின் அன்றாடத்தையே பாட்டாகப் பாடின.

விளம்பரத்தில் பிறந்த காது

அந்த ஆண்டுகளில் சென்னையில் இருபது வயதே ஆன திலீப் என்ற இளைஞர் விளம்பரங்களுக்கு இசை அமைக்கத் தொடங்கினார். 1987-இல் அவருடைய முதல் விளம்பரப் பாட்டு ஆல்வின் கடிகாரத்துக்கு. டைட்டன் விளம்பரத்துக்கும் இசை செய்தார். லியோ காபி விளம்பரம் அவரை மணிரத்னத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனது. 1992-இல் ‘ரோஜா’ வந்தபோது அவர் ஏ.ஆர்.ரஹ்மான்.

விளம்பர இசை ஒரு கண்டிப்பான பள்ளி. அரை நிமிடத்துக்குள் மெட்டு தொடங்கி, மனதில் ஒட்டி, முடிந்துவிட வேண்டும். முதல் மூன்று நொடியில் காதைப் பிடிக்காவிட்டால் ஆள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். ஆகவே ஒவ்வொரு ஒலிக்கும் தனி முகம் வேண்டும்: ஒரு சொடுக்கு, ஒரு புல்லாங்குழல் இழுப்பு, ஓர் அமைதி. ‘ரோஜா’ பாட்டுகளைக் கேட்டவர்கள் “சத்தம் புதுசா இருக்கே” என்றதற்கு இந்தப் பயிற்சியும் ஒரு காரணம். பல்லவி, சரணம் என்று பாடகரின் குரலைச் சுற்றியே கட்டப்பட்ட பாட்டு, ஒலிகளின் அமைப்பாக மாறியது. டிவி சினிமாப் பாட்டைக் காட்டியது மட்டும் அல்ல. அதை உருவாக்குபவரின் காதையே வேறாகப் பழக்கியது.

பாட்டைப் படத்திலிருந்து பிரித்த பெட்டி

அமெரிக்காவில் எம்டிவி 1981 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கியது. அங்கே பாட்டுக்குக் காட்சி என்பதே பெரிய திருப்பம். 1983 கடைசியில் மைக்கேல் ஜாக்ஸனின் ‘த்ரில்லர்’ பதினான்கு நிமிடக் காணொளியாக வந்தபோது, பாடகர் ஆடவும் நடிக்கவும் வேண்டும் என்று ஆகிவிட்டது.

நமக்கு அது புதிதல்ல. 1931-இல் முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ வந்த நாளிலிருந்து நாம் பாட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இங்கே டிவி செய்த மாற்றம் வேறு. அது பாட்டைக் கதையிலிருந்து கழற்றித் தனியே வைத்தது. தியேட்டரில் ஒரு பாட்டைப் பார்க்க முழுப் படத்தையும் பார்த்தாக வேண்டும். தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ வந்தபின் பாட்டு மட்டும் வீட்டுக்கு வந்தது. 1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி தொடங்கியபின் அதற்கு வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கத் தேவையில்லாமல் போனது. படம் ஓடாமல் போனாலும் பாட்டு ஓடியது. ஐம்பதாவது முறை பார்த்தாலும் சலிக்காதபடி பாட்டைப் படமாக்க வேண்டிய கட்டாயம் இயக்குநர்களுக்கு வந்தது.

சரியாக அந்த நேரத்தில் வந்தார் பிரபுதேவா. மைசூர் மாவட்டம் மூகூரைச் சேர்ந்த நடன இயக்குநர் சுந்தரத்தின் மகன். 1993-இல் ‘ஜென்டில்மேன்’, 1994-இல் ‘காதலன்’. ‘முக்காலா’ பாட்டின் முடிவை நினைத்துப் பாருங்கள். ஆளின் தலை மறைகிறது, கை மறைகிறது. தொப்பியும் சட்டையும் ஷூவும் மட்டும் தாளம் தப்பாமல் ஆடுகின்றன. அந்த ஆட்டத்துக்கு மொழி தேவையில்லை. தமிழ் தெரியாத பிள்ளையும் அதைப் பார்த்து ஆடும். அதன்பின் பள்ளி ஆண்டு விழாக்களில் பிள்ளைகள் பாட்டு வரியை மனப்பாடம் செய்ததைவிட ஸ்டெப்பை மனப்பாடம் செய்ததே அதிகம். மைக்கைப் பிடித்து நின்று பாடினால் போதும் என்றிருந்த கல்யாண ஆர்க்கெஸ்ட்ரா மேடைக்கு ஆடுபவர்களும் தேவைப்பட்டார்கள்.

ஆன்டெனா எந்தப் பக்கம்?

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-இலும் பெங்களூர் நிலையம் 1981-இலும் தொடங்கின. சென்னை முந்நூறு கிலோமீட்டர். பெங்களூர் கூப்பிடு தூரம். ஓசூர்ப் பக்கத்து மொட்டை மாடி ஆன்டெனாக்களுக்கு எது அருகில் என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழ் வீட்டுக்குள் கன்னடப் பாட்டும், கன்னட நடிகர் ராஜ்குமாரின் குரலும் இயல்பாக வந்து சேர்ந்தன. கேபிள் வந்தபின் சன், உதயா, ஜெமினி மூன்றும் ஒரே ரிமோட்டில் வந்தன.

இந்தச் சீமைக்கு அது பொருத்தமாகவே இருந்தது. ரஜினிகாந்தின் முன்னோர் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்து நாச்சிக்குப்பம். அவர் பிறந்து வளர்ந்து கண்டக்டராக இருந்தது பெங்களூர். எஸ்.பி.பாலசுப்ரமணியம் தெலுங்கில் ‘பாடுதா தீயகா’, கன்னடத்தில் ‘எதெ தும்பி ஹாடுவெனு’, தமிழில் ‘என்னோடு பாட்டுப் பாடுங்கள்’ என்று மூன்று மொழியிலும் இளம் பாடகர்களைக் கைதூக்கிவிட்டார். மற்ற ஊர்க்காரர்களுக்கு அவை மூன்று நிகழ்ச்சிகள். ஓசூரில் ஒரே வீட்டில் பாட்டி தெலுங்கிலும் மருமகள் கன்னடத்திலும் பேரன் தமிழிலும் அவரை அறிந்திருக்க முடியும். 2020 செப்டம்பரில் அவர் மறைந்தபோது இங்கே மூன்று மொழியிலும் துக்கம் இருந்தது.

சேர்த்து வைத்த அதே பெட்டி பிரிக்கவும் செய்தது. 1994-இல் பெங்களூர் தூர்தர்ஷனில் உருதுச் செய்தி தொடங்கியதை ஒட்டி மூண்ட கலவரத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினை கொதித்தபோது கர்நாடகத்தில் கேபிள்காரர்கள் தமிழ் சேனல்களை நிறுத்தினார்கள். எல்லையோர ஜூஜூவாடியோடு பஸ்கள் நின்றன. காலை ஷிப்டுக்கு அத்திப்பள்ளி தாண்டிப் போகிறவர்களுக்கும் அங்கிருந்து இங்கே வருகிறவர்களுக்கும் அந்த நாட்களின் வலி தெரியும். பாட்டு எல்லையைத் தானாகக் கடந்துவிடும். மனிதர்கள்தான் அதைத் தடுத்து நிறுத்துகிறார்கள்.

காட்டப்படாத குரல்

எனக்குள்ள பெரிய ஆதங்கம் வேறு. நாடு முழுவதும் முணுமுணுத்த மெட்டோடு தன் பொருளை இணைத்த ஊர் இது. ஆனால் இந்த மண்ணின் சொந்தப் பாட்டுக்கு அந்தப் பெட்டிக்குள் இடமே கிடைக்கவில்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரம் தெருக்கூத்து வேரூன்றிய மண். பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் விடிய விடியக் குரல் மங்காமல் பாடும் கலைஞர்கள் இருக்கிறார்கள். தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்துக் கிராமங்களில் ஒரே வாயில் இரண்டு மூன்று மொழி கலந்து வரும். 2006-இல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டம் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டியைக் கொண்டுபோனது. அஞ்செட்டி மலைக் கிராமத்துக்கும் சினிமாப் பாட்டு போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து திரும்பி வர வேண்டிய பாட்டுக்கு வழியே இருக்கவில்லை. சேனல் வைத்திருந்தவர்கள் காட்டியதை ஊர் பார்த்தது. கூத்து முடியும் வரை உட்கார்ந்திருந்த கூட்டம் குறைந்தது.

இப்போது அந்த நிலை மாறியிருக்கிறது. 2011 நவம்பரில் ‘கொலவெறி’ யூடியூபில் பரவியபோது, டிவி நிலையத்தின் அனுமதி இல்லாமலே ஒரு பாட்டு உலகைச் சுற்றலாம் என்று தெரிந்தது. 2021-இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ இன்னொரு படி மேலே போனது. சினிமா இல்லை, கதாநாயகன் இல்லை. நிலமும் பாட்டியும் ஒப்பாரியின் சாயலும் இருந்தன. சொந்த மண்ணின் குரலைக் கேட்க உலகம் தயாராக இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

லிரிக் வீடியோக்களையும் கவனியுங்கள். தமிழ் வரிகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் ஓடுகின்றன. தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டும் என்பவர்களுக்கு அதில் வருத்தம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் தெலுங்கு, கன்னட வழியில் படித்த ஓசூர்ப் பிள்ளையும், ஜார்க்கண்டிலிருந்து வந்து இங்கே எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை பார்க்கும் பெண்ணும் அந்த வரிகளைப் பிடித்துக்கொண்டுதான் தமிழ்ப் பாட்டைப் பாடுகிறார்கள். ஹாஸ்டலில் தொடங்கும் அந்த முணுமுணுப்பிலிருந்து நாளை இந்த ஊருக்கு நான்காவது, ஐந்தாவது மொழியில் ஒரு பாட்டு பிறக்கலாம்.

அதற்கு நாம் செய்ய வேண்டியவை சிறியவை, செய்யக்கூடியவை. ஊர்த் திருவிழாவில் கூத்து நடந்தால் போனில் அரை நிமிடம் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதோடு நிறுத்தாமல், நல்ல மைக் வைத்து முழுதாகப் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயரையும் ஊரையும் கட்டாயம் போடுங்கள். பணம் வந்தால் அவருக்குக் கொடுங்கள். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி மேடையில் சினிமா இன்னிசைக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பங்கை இந்த மண்ணின் கலைஞர்களுக்குக் கொடுங்கள். இங்குள்ள கல்லூரிகளில் மூன்று மொழி மாணவர்களும் இருக்கிறார்கள். சேர்ந்து ஒரு பாட்டைப் படமாக்க அவர்களைவிடப் பொருத்தமானவர் யார்? சமூகநலனுக்கு நிதி ஒதுக்கும் தொழிற்சாலைகளும் இதை ஒரு பொறுப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

முன்பு நம் பாட்டைக் காட்ட வேறொருவர் மனம் வைக்க வேண்டியிருந்தது. இன்று அந்த முடிவு நம்முடையது. இனியும் இந்தச் சீமையின் பாட்டு கேட்கப்படாமல் போனால், அதற்கு டிவியைக் குறை சொல்ல முடியாது.