கூரையும் தரையும்

காதற்கதை என்றதும் மணமாலையோடு முடிவதையோ, மரணத்தோடு முடிவதையோதான் நம்மவர் எதிர்பார்க்கின்றனர். திருகோணமலைச் சுவாமி மலையிலே ஒல்லாந்தர் காலத்துக் கற்றூண் ஒன்று உண்டு. பிரான்சினா வான் றீட் என்னும் நங்கை, தன் காதலன் கப்பலேறிச் செல்வதைக் கண்டு ஆற்றாளாய், 1687ஆம் ஆண்டில் அப்பாறையினின்றும் கடலிற் பாய்ந்தாள் என்று அத்தூணைக் காட்டிக் கதை கூறுவர். ஆயின், எட்டு ஆண்டுகளின் பின் அவள் மறுமணம் செய்துகொண்டாள் என ஒல்லாந்தர் ஆவணங்களைக் கொண்டு வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். பாய்ந்தவளை ஊர் நினைவில் வைத்தது, வாழ்ந்தவளை மறந்தது.

நாம் மறக்கின்ற இப்பிற்பாதியையே பொருளாகக் கொண்டது, 2012இல் வெளிவந்த ‘ஹெட் ஓவர் ஹீல்ஸ்’ என்னும் பிரித்தானியக் குறும்படம். காதலில் தலைகுப்புற வீழ்தலைச் சுட்டும் ஆங்கிலத் தொடரே அதன் பெயர். அமெரிக்கரான திமொதி றெக்காட், இங்கிலாந்தின் பீக்கன்ஸ்பீல்ட் நகரிலுள்ள தேசியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கல்லூரியில் மாணவராய் இருந்தபோது அதனை இயக்கினார். ஒஸ்கார் விருதுக்கான பரிந்துரைப் பட்டியலிலும் அது இடம்பெற்றது.

படத்தின் அளவு பத்து நிமிடமே. வோல்டர், மாட்ஜ் என்னும் முதிய தம்பதியர் ஒரே வீட்டில் வாழ்கின்றனர். ஆனால் கணவனுக்குத் தரையாவது மனைவிக்குக் கூரை. அவளுக்குத் தரையாவது அவனுக்குக் கூரை. திருமணத்தை நினைவூட்டும் பழம்பொருள் ஒன்று கைக்கு வர, அவன் பழைய அன்பைப் புதுப்பிக்க முயல்கிறான். அம்முயற்சியாலே வீட்டின் சமநிலையே குலைகிறது. எது மேல், எது கீழ் என்பதில் உடன்படாத இருவர் மீண்டும் இணைவது எங்ஙனம்? இதுவே கதை.

நடிப்போர் மனிதரல்லர், பொம்மைகள். பொம்மையைச் சிறிதே அசைத்துப் படமெடுத்து, மீண்டும் அசைத்து எடுக்கும் முறை இது. திரையில் ஒரு விநாடி ஓட 24 சட்டங்கள் வேண்டும். இல்லறமும் இத்தகையதன்றோ? ஒரு நாளில் நிகழும் அசைவு கண்ணுக்குப் புலனாவதில்லை. ஆண்டுகள் கழிந்தபின்னரே நெருங்கினோமா, விலகினோமா என்பது தெரிகின்றது.

பண்டித வகுப்பு மாணவர்க்கு இப்படத்தைக் காட்டினேன். “ஐயா, கிழவன் கிழவி பிணக்கைக் காதல் என்னலாமோ?” என்று ஒருவர் வினவினார். திருக்குறளை எடுத்து எண்ணிப் பாருங்கள் என்றேன். காமத்துப்பாலின் 25 அதிகாரங்களுள் களவியலுக்கு உரியவை 7. கற்பியலுக்கு உரியவை 18. அஃதாவது, களவுக்கு 70 குறள், கற்புக்கு 180. பிரிவாற்றாமையிலே தொடங்கும் கற்பியல், ஊடலுவகையிலே முடிகிறது. நூல் முழுமைக்கும் இறுதி அதிகாரம் அதுவே. ஊடல் உணவில் உப்பைப் போன்றது, மிகுந்தால் கெடும் என்பது வள்ளுவர் கருத்து. வோல்டர் வீட்டில் உப்பு மிகுந்துவிட்டது. ஆயினும் உணவு கொட்டப்படவில்லை.

களவியலை விரித்துரைக்கும் ஆசிரியருட் சிலர், “இளையோர்க்கு இது எதற்கு?” என்று கற்பியலை விரைந்து கடந்துவிடுகின்றனர். கடல்கடந்த நாட்டிலே ஒரு மாணவர், தம் கல்லூரிப் படத்துக்கு அந்தக் கற்பியலையே பொருளாகத் தேர்ந்தார். நம் மாணவரும் அதற்கு உரியவரே. வகுப்பறையில் அப்பதினெட்டு அதிகாரங்களையும் நின்று நிதானித்துக் கற்பிப்போமாக.