சென்னை ஓபனில் மகளிர் இரட்டையர்

2022 செப்டம்பர் 12 முதல் 18 வரை சென்னை நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கில் நடந்த சென்னை ஓபன் மகளிர் டென்னிஸ் போட்டியில், கனடாவின் காப்ரியேலா டப்ரோவ்ஸ்கியும் பிரேசிலின் லூயிசா ஸ்டெபானியும் இரட்டையர் பட்டம் வென்றார்கள். இறுதி ஆட்டத்தில் ரஷ்யாவின் அன்னா பிளிங்கோவா, ஜார்ஜியாவின் நட்டேலா ஜலாமிட்ஸே இணையை 6-1, 6-2 என்று தோற்கடித்தார்கள். அதே நாளில் ஒற்றையர் இறுதியில் செக் குடியரசின் 17 வயது லிண்டா ஃப்ருவிர்தோவா, போலந்தின் மக்தா லினெட்டை வென்றார். பேச்செல்லாம் அந்தப் பதினேழு வயதுப் பெண்ணைப் பற்றியே இருந்தது. இரட்டையர் இறுதிக்குப் பின்னால் இருந்த கதையும் அதற்குக் குறைந்ததல்ல.

இது மகளிர் டென்னிஸ் சங்கம் நடத்தும் 250 புள்ளி வகைப் போட்டி. உலகச் சுற்றுப் போட்டிகளில் முதல் படி இது. இதற்கு மேல் 500, 1000 வகைகளும், உச்சியில் நான்கு கிராண்ட்ஸ்லாம்களும் இருக்கின்றன. 2022இல் சென்னையின் மொத்தப் பரிசுத்தொகை 251,750 டாலர். ஒற்றையரில் 32 பேர், இரட்டையரில் 16 இணைகள். ஆகவே இரட்டையரில் நான்கு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றால் கோப்பை கையில். இரட்டையரில் தரவரிசை இணைக்கு அல்ல, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் உண்டு. இருவருடைய இடங்களையும் கூட்டிப் பார்த்தே போட்டியில் சேர்க்கிறார்கள். அதனால்தான் இந்த வாரம் எதிரெதிரே நின்ற இருவர் அடுத்த வாரம் ஒரே பக்கம் நிற்பதைப் பார்க்க முடிகிறது.

ஆடுகளத்தின் நீளம் 78 அடி. ஒற்றையருக்கு 27 அடி அகலம். இரட்டையருக்கு இரு பக்கமும் நாலரை அடி கூடி 36 அடி ஆகிவிடும். ஆட்கள் இரட்டிப்பாகிறார்கள், இடம் அவ்வளவு கூடுவதில்லை. காலி இடம் பார்த்துப் பந்தைத் தள்ளுவது கடினமாகிறது; எனவே எதிராளியை நகர்த்தி இடத்தை உண்டாக்க வேண்டியிருக்கிறது. சர்வ் போடுபவர் பின்கோட்டில் நிற்க, துணையாள் வலைக்கு அருகில் நிற்பார். அவர் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து விரல்களால் சைகை காட்டுவதைக் கவனித்திருக்கலாம். பந்து திரும்பி வரும்போது வலையோரம் குறுக்கே பாய்வதா, நின்ற இடத்திலேயே நிற்பதா என்பதைச் சொல்லும் சைகை அது. பாய்ந்தால், அவர் விட்டுப்போன பக்கத்தைச் சர்வ் போட்டவர் ஓடி மூட வேண்டும். ஒருவர் தயங்கினாலும் நடுவே பந்து போய்விடும். எதிரணி சும்மா இருக்காது: வலையில் நிற்பவரின் தலைக்கு மேல் பந்தைத் தூக்கிவிடும், அல்லது அவர் நகர்ந்த நொடியில் ஓரக்கோட்டை ஒட்டி அடிக்கும். பின்கோட்டிலிருந்து பலமாக அடிக்கத் தெரிந்த ஒற்றையர் நட்சத்திரங்கள் இரட்டையரில் திணறுவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. வலையோரத்தில் பந்து தரையில் படும் முன்பே முடிவெடுக்கும் கை வேண்டும், பக்கத்தில் நிற்பவரின் மனம் தெரிய வேண்டும்.

இரட்டையர் ஆட்டத்தைச் சுருக்க இரண்டு விதிகள் உண்டு. ஒரு கேம் 40-40 ஆனால், இரண்டு புள்ளி முன்னிலைக்குக் காத்திருப்பதில்லை; அடுத்த புள்ளியே கேமை முடிக்கும். சர்வை இருவரில் யார் எதிர்கொள்வது என்பதை எதிரணி தேர்ந்துகொள்ளும். செட் 1-1 என்று சமமானால் மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி டைபிரேக். கிராண்ட்ஸ்லாம் மகளிர் இரட்டையரில் மட்டும் மூன்றாவது செட்டும் முழுதாக ஆடப்படுகிறது.

இனி அந்த இணைக்கு வருவோம். ஸ்டெபானி 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் லாரா பிகோசியுடன் வெண்கலம் வென்றவர். டென்னிஸில் பிரேசிலுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அந்த ஆட்டத்தில் தோல்வியின் விளிம்பில் நான்கு மேட்ச் பாயின்ட்களைத் தடுத்து வென்றார்கள். அடுத்த மாதமே டப்ரோவ்ஸ்கியுடன் மான்ட்ரியால் பட்டம். செப்டம்பரில் அமெரிக்க ஓபன் அரையிறுதி வரை வந்தார்கள். முதல் செட் டைபிரேக்கில் பந்துக்கு ஓடிய ஸ்டெபானியின் வலது முழங்கால் மடங்கித் தசைநார் அறுந்தது. சக்கர நாற்காலியில்தான் வெளியேறினார். அறுவை சிகிச்சை, பயிற்சி என்று ஏறக்குறைய ஒரு வருடம். அவர் திரும்பி வந்து ஆடிய போட்டிதான் சென்னை. பக்கத்தில் நின்றவர் அதே டப்ரோவ்ஸ்கி. இறுதியில் எதிரணிக்கு மூன்றே கேம்களைக் கொடுத்தார்கள். காயத்துக்கு முன் இருந்த புரிதல் அப்படியே இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

எதிரே நின்றவர்களும் எளிதான வருடத்தைக் கடந்து வந்தவர்கள் அல்ல. உக்ரைன் போரையொட்டி 2022 விம்பிள்டனில் ரஷ்ய, பெலாரஸ் வீரர்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. மாஸ்கோவில் பிறந்த ஜலாமிட்ஸே ஜார்ஜியாவின் சார்பில் ஆடுவதாகப் பதிவுசெய்து அங்கே இரட்டையர் ஆடினார். சென்னையில் பிளிங்கோவாவின் பெயருக்குப் பக்கத்தில் எந்த நாட்டுக் கொடியும் இல்லை.

வென்ற இருவருக்கும் இந்தியாவோடு வேறு தொடர்பும் உண்டு. டப்ரோவ்ஸ்கி 2017 பிரெஞ்சு ஓபன் கலப்பு இரட்டையரை வென்றது குடகைச் சேர்ந்த ரோகன் போபண்ணாவுடன். சென்னைக்குப் பிறகு நான்கு மாதத்தில், 2023 ஆஸ்திரேலிய ஓபன் கலப்பு இரட்டையர் இறுதியில் ஸ்டெபானியும் ரஃபேல் மாடோஸும் வென்றது சானியா மிர்சா, போபண்ணா இணையை. சானியாவின் கடைசி கிராண்ட்ஸ்லாம் ஆட்டம் அது. டப்ரோவ்ஸ்கி 2023லும் 2025லும் நியூசிலாந்தின் எரின் ரவுட்லிஃபுடன் அமெரிக்க ஓபன் வென்றார். இடையில் 2024இல் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டு, சிகிச்சைக்கு நடுவிலேயே ஆடி, பாரிஸ் ஒலிம்பிக்கில் கலப்பு இரட்டையர் வெண்கலமும் பெற்றார்.

இந்தியப் பெண்கள் டென்னிஸில் உச்சம் தொட்டது இரட்டையரில்தான். கோயம்புத்தூர்க்காரரான நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓபனில் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதானச் சுற்றில் ஓர் ஆட்டம் வென்று வழி திறந்தார்.   ஆனால் சானியா தன் முதல் உலகச் சுற்றுப் பட்டத்தை 2004இல் சொந்த ஊரான ஹைதராபாத்தில், லீசல் ஹூபருடன் இரட்டையரில்தான் பெற்றார். அங்கே தொடங்கியவர் 2015 ஏப்ரலில் இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடத்தை அடைந்து, அந்த ஆண்டே மார்ட்டினா ஹிங்கிஸுடன் விம்பிள்டனையும் அமெரிக்க ஓபனையும் வென்றார். உள்ளூரில் ஒரு போட்டி இருந்தால், அதில் இடம் கொடுத்தால், என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

2008இல் பெங்களூருக்குப் பிறகு மகளிர் உலகச் சுற்றுப் போட்டி 14 ஆண்டுகள் இந்தியாவுக்கு வரவில்லை. விஜய் அமிர்தராஜ் தலைமையிலான தமிழ்நாடு டென்னிஸ் சங்கம், மாநில அரசின் ஆதரவோடு 2022இல் அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. அடுத்த சென்னை ஓபன் 2025 அக்டோபர் கடைசியில்தான் நடந்தது. இந்தோனேசியாவின் ஜேனிஸ் ஜென் ஒற்றையர் பட்டத்தை வென்று, தன் நாட்டுக்காரரான ஆல்டிலா சுட்ஜியாடியுடன் இரட்டையரையும் வென்றார்.