ஒரு முனையில் கத்தி, மறுமுனையில் ஊசி

பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது பரணிலிருந்து இறங்கும் சாமான்களில் சிலவற்றுக்குப் பெயர் சொல்ல வீட்டில் ஆளிருக்காது. உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அப்படியோர் இரும்புச் சாமான் கைக்குக் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு சாண் நீளம். ஒரு முனை தட்டையாகிக் கத்தியாகிறது. மறுமுனை இளைத்து ஊசியாகிறது. இது எதற்கு?

செருப்புத் தைக்கும் குத்தூசியாக இருக்குமோ? தோலைத் துளைக்க உள்ளங்கையால் அழுத்த வேண்டும். அதற்கு மரப்பிடி தேவை. இங்கே பிடி இருக்க வேண்டிய இடத்தில் கத்தி இருக்கிறது. அழுத்தினால் கை கிழியும். சாக்குத் தைக்கும் கோணூசியோ? நூல் கோக்கக் காதில்லை. பாக்கு வெட்டவோ? பாக்கின் கடினத்துக்கு இந்தக் கத்தி தாங்காது. எதற்கு ஆகாது என்பதை இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவதுதான் முதல் வேலை.

பயன் தெரியாத கருவியை ஆராய்வதில் இந்த வட்டாரத்துக்குப் பெரிய வரலாறு உண்டு. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த பல்லாவரத்தில், 1863-ல், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கல்லை எடுத்தார். மனிதக் கை செதுக்கிய கருவி அது என்று கண்டுகொண்டார். கேட்டறிய அதைப் பயன்படுத்தியவர் எவரும் இல்லை. ஐரோப்பாவில் கிடைத்த கற்கருவிகளோடு உருவத்தை ஒப்பிடத்தான் முடிந்தது. உருவத்துக்கு அப்பாலும் ஒரு சாட்சி உண்டு என்பதைச் சோவியத் ஆய்வாளர் செர்கேய் செமியோனவ் 1957-ல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். கருவியின் விளிம்பை நுண்ணோக்கியில் பார்த்தால் கீறலும் மெருகும் தெரியும். தோல் சுரண்டிய விளிம்பு ஒரு விதமாகத் தேயும், மரம் சீவியது வேறு விதமாகத் தேயும். அதேபோல் புதிதாக ஒரு கருவி செய்து, வேலை வாங்கி, இரண்டு தேய்மானத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கல்லில் நிலைக்கும் அந்தத் தடயத்தை இரும்பில் துரு தின்றுவிடுவதுண்டு. அப்போது கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். ஒரே ஆள் ஒரே வேலையில் எதை நறுக்கியும் இருப்பார், எதைக் கீறியும் இருப்பார்?

ஊரைச் சுற்றிப் பார்த்தால் விடை நிற்கிறது: பனை. கையில் இருப்பது எழுத்தாணி. ஈர்க்கை நீக்கி ஓலையை ஒரே அளவாக நறுக்கக் கத்தி, எழுத ஊசி. இந்த வகைக்கு வாரெழுத்தாணி என்று பெயர். தலையில் கனமான கொண்டை வைத்தது குண்டெழுத்தாணி. கத்தியும் ஊசியும் பிடிக்குள் மடங்குவது மடக்கெழுத்தாணி. ‘என் சரித்திரம்’ நூலில் உ.வே.சாமிநாதையர் இவற்றை விவரிக்கிறார்.

கருவியின் ஒவ்வொரு அம்சத்துக்கும் காரணம் ஓலையில் இருக்கிறது. பனை ஒருவித்திலைத் தாவரம். அதன் நரம்புகள் நெடுக ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். மேலே வழவழப்பான தோல். வட இந்தியாவில் ஓலைமேல் மைதொட்டு எழுதும் வழக்கமும் இருந்தது. தென்னாட்டில் தோலைக் கீறி எழுதினார்கள். ஆகவே முனை தோலைக் கீற வேண்டும், ஆனால் ஓலையைத் துளைக்கக் கூடாது. தையலூசி அளவுக்குக் கூர் இருந்தால் காரியம் கெடும். இரும்பின் கனமும் அழுத்தத்துக்குத் துணைசெய்வதால் விரலுக்கு வலி குறையும். மேசை கிடையாது; ஓலை இடது கையில் இருக்கும். இடக்கைக் கட்டைவிரல் நகத்தை வளர்த்து, அதில் சிறு பள்ளம் செய்து, எழுத்தாணியை அதில் பதித்து எழுதியவர்களும் உண்டு.

எழுதி முடித்த ஓலையைப் பார்த்தால் எழுத்து சரியாகத் தெரியாது. விளக்குக் கரியை இலைச்சாறு போன்றவற்றில் குழைத்துத் தடவித் துடைத்தால், மேலே பட்ட கரி போய்விடும், கீறலுக்குள் புகுந்தது தங்கும். முதலில் எழுத்து, பிறகு மை.

இந்தக் கருவி வாசிப்பையும் மாற்றியது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க ஊசியைச் செங்குத்தாகக் குத்த வேண்டும். ஓலை பொத்துப்போகும் என்று பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். அதனால் ‘க’வும் ‘க்’கும் ஒரே தோற்றம். எகர ஒகரங்களில் குறிலைக் காட்டிய புள்ளியும் போனதால் குறிலா நெடிலா என்ற குழப்பம் வந்தது. இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் வகுத்தது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான்.

ஓலையில் எழுதும் வழக்கத்துக்கு உத்திரமேரூரிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள், ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. குடும்பு எனப்படும் ஊர்ப்பிரிவுகள் முப்பது, தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட வேண்டும், விவரம் அறியாத சிறுவன் ஒருவன் எடுக்க வேண்டும். விதியைச் சொன்ன கல் நிற்கிறது. ஓலையோ ஈரத்துக்கும் பூச்சிக்கும் சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடிப்பது அரிது.

கருவி என்பது பாதிப் பொருள்தான். அது தொட்ட பொருள் மறுபாதி. ஓலை வீட்டைவிட்டுப் போனதும் எழுத்தாணி வெறும் இரும்பாகிவிட்டது. ஆகவே பரணில் இனம் தெரியாத சாமான் கிடைத்தால் உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்க்காதீர்கள். பழைய இரும்புக்காரரிடம் எடைக்கும் போடாதீர்கள். எந்த மூலையில், எந்தப் பெட்டியில், எதனோடு கிடந்தது என்று அன்றைக்கே குறித்துவைத்துப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு துண்டு ஓலை கிடந்திருந்தாலே போதும், பாதி ஆராய்ச்சி மிச்சம்.